வெங்காயம் ஏன் மார்கழியில் விழிக்கிறது?

மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மாணவி ஒருத்தி, கையில் ஒரு முறத்துடன் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தாள். முறத்தில் பத்துப் பன்னிரண்டு சின்ன வெங்காயங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் விரல் நீளத்திற்குப் பச்சை முளை எட்டிப் பார்த்தது.

"சார், இதை யாரும் நடவில்லை, தண்ணீரும் ஊற்றவில்லை. அடுப்படிக் கூடையில்தான் கிடந்தது. சித்திரை வைகாசியில் இதே கூடையில் ஒன்றரை மாதம் கிடந்த வெங்காயம் முளைக்கவே இல்லை. இப்போது மட்டும் பத்தே நாளில் முளைத்துவிட்டது. ஏன் சார்?"

"மழைக்காலத்து ஈரம்தான் காரணம்" என்று சட்டெனச் சொல்லிவிட்டேன். அவள் விடவில்லை. கூடை அடுப்பின் பக்கத்துப் பரணில் இருந்ததாம். அங்கே தீப்பெட்டி கூட நமுத்துப் போவதில்லையாம். நான் யோசனையில் ஆழ்ந்தேன். சூடு ஏறினால் வேதிவினைகள் விரைவுபடும். ஏறத்தாழ 10 டிகிரி ஏறினால் வேகம் இரு மடங்காகும் என்று வகுப்பில் சொல்கிறோம். அப்படியானால் 38 டிகிரி வெயில் கொளுத்தும் சித்திரையில்தானே வெங்காயம் முந்திக்கொண்டு முளைக்க வேண்டும்? புதுக்கோட்டையில் மார்கழி என்றால் பகலில் 28, 29 டிகிரி. விடியற்காலையில் 21, 22. குளிர் என்று நாம் சொல்லிக்கொண்டாலும் அது ஒரு பெயருக்குத்தான். அந்தச் சிறு குளிர் எப்படி ஒரு வெங்காயத்தை எழுப்புகிறது?

"அடுத்த ஞாயிறு வா அம்மா" என்று அனுப்பி வைத்தேன். தெரியாததைத் தெரிந்தது போலச் சொல்வதைவிட ஒரு வாரம் தவணை கேட்பது நல்லதல்லவா?

இந்தக் கேள்வி எனக்குப் புதிதும் அன்று. பெரம்பலூர் மாவட்டத்தில் செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் பயிரிடும் என் தாய்மாமா, சில ஆண்டுகளுக்கு முன் ஏறக்குறைய இதையே கேட்டார். சின்ன வெங்காயத்திற்குப் பெரும்பாலும் காய்தான் விதை. ஏக்கருக்கு 500 கிலோ அளவில் விதைக் காய் வேண்டும். அறுவடையான காயில் நல்லதைப் பொறுக்கி, வயலோரத்தில் பட்டறை போட்டு, காற்றோட்டமாக வைத்திருப்பார்கள். அந்த ஆண்டு ஐப்பசி நடவுக்கென்று கோடையிலிருந்தே காப்பாற்றி வைத்த விதை அது. ஐப்பசியில் மழை பிடித்தது, விடவே இல்லை. வயலில் ஏர் இறக்க முடியவில்லை. பட்டறை நனையாதிருக்க மாமா தார்ப்பாய் போர்த்தி இறுகக் கட்டினார். பதினைந்தாம் நாள் தார்ப்பாயை விலக்கினால், பட்டறை முழுவதும் பச்சை! முளை நீண்ட காயை நட எடுத்தால் முளை ஒடிகிறது, அடியிலிருந்தவை அழுகிவிட்டன. விதையில் பாதி போயிற்று.

"ஏம்பா, நீ பெரிய படிப்புப் படிச்சவன். நாலு மாசம் நெருப்பா வெயில் அடிச்சப்போ அசையாமக் கெடந்துச்சு. நாலு நாள் குளுந்த உடனே எந்திரிச்சிருச்சே, இது என்ன கணக்கு?" என்றார். அன்றும் நான் ஈரம் என்றுதான் சொன்னேன். அது முழு விடை அன்று.

சரி, இப்போது கணக்கைப் பார்ப்போம். முதலில் ஒரு வெங்காயத்தை நெட்டுவாக்கில் இரண்டாக வெட்டுங்கள். அடியில் வேர் முளைக்கும் இடத்தில் சிறு தட்டுப் போன்ற ஒரு பகுதி தெரியும். அதுதான் வெங்காயச் செடியின் தண்டு. அதன் மேல் அடுக்கடுக்காக மூடியிருப்பவை உணவைச் சேமித்துத் தடித்துப்போன இலைகள். அவற்றின் நடுவே, தட்டின் மேல், வெளிர்மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு கூம்பு இருக்கும். சின்ன வெங்காயத்தில் இரண்டு மூன்று கூட இருக்கலாம். இதுவே வளர்முனை. ஆகவே வெங்காயம் ஒரு விதை அன்று; காயும் அன்று. தன்னையே சுருட்டி மூட்டை கட்டிக்கொண்டு உறங்கும் ஒரு முழுச் செடி. உறங்கும்போதும் அது மூச்சு விடுகிறது. ஒரு கிலோ வெங்காயத்தை மாதம் ஒரு முறை எடை போட்டுப் பார்த்தால் எடை குறைந்துகொண்டே வருவதைக் காணலாம். நீர் ஆவியாவதோடு, சேமித்த சர்க்கரையையும் அது மெல்ல மெல்லச் செலவிடுகிறது.

இந்த உறக்கத்தில் இரு கட்டங்கள் உண்டு. அறுவடை முடிந்த புதிதில் எந்தச் சூழலில் வைத்தாலும் வெங்காயம் எளிதில் முளைக்காது. தட்டி எழுப்பினாலும் எழாத ஆழ்ந்த உறக்கம். சில வாரங்களிலிருந்து இரண்டு மூன்று மாதங்கள் வரை, இரகத்திற்கு ஏற்ப இது நீடிக்கும். அதன் பிறகு வருவது கோழித் தூக்கம். இப்போது எழலாமா வேண்டாமா என்பதை வெளியிலிருக்கும் வெப்பநிலை முடிவு செய்கிறது.

எப்படி முடிவு செய்கிறது என்பதில்தான் வியப்பு இருக்கிறது. சுழியம் டிகிரியை ஒட்டி வைத்தால் வெங்காயம் முளைப்பதில்லை. வெப்பநிலையை உயர்த்த உயர்த்த முளைப்பது விரைவாகி, 10 முதல் 20 டிகிரி வரையில் உச்சத்தை அடைகிறது. இதுவரை நம் எதிர்பார்ப்புப்படியே நடக்கிறது. மேலும் சூடாக்கினால்? வேகம் கூடுவதற்குப் பதில் குறைகிறது! 25 டிகிரியைத் தாண்டி 30ஐ நெருங்கும்போது வெங்காயம் மீண்டும் உறங்கப் போய்விடுகிறது. வரைபடம் போட்டால் நடுவில் ஒரு குன்று, இரு புறமும் சரிவு.

இதற்குக் காரணம், வெங்காயத்தினுள் வெப்பம் ஒரே சமயத்தில் இரண்டு வேலைகளைச் செய்வதுதான். வளர்முனையின் செல்கள் பிரியும் வேகத்தை அது கூட்டுகிறது. இது வேதிவினைகளுக்குரிய பொது விதி. அதே வெப்பம், உறக்கத்தைக் கலையவிடாமல் பிடித்தும் வைக்கிறது. கடுங்குளிரில் எழுந்திருக்கத் தடை இல்லை, வளரத்தான் வேகம் இல்லை. கடுங்கோடையில் வளர வேகம் உண்டு, எழுந்திருக்க அனுமதி இல்லை. இரண்டும் ஓரளவு ஒத்துவரும் இடம் நடுவில் இருக்கிறது. சித்திரையில் நம் அடுப்படிப் பரணில் 33, 34 டிகிரி. வெங்காயம் குன்றின் வலப்புறச் சரிவின் அடிவாரத்தில் கிடக்கிறது. மார்கழியில் அதே பரண் 24, 25க்கு இறங்கும்போது அது சரிவில் மேலே ஏறிவிடுகிறது. நமக்குப் பெரிதாகத் தோன்றாத அந்தப் பத்து டிகிரி, வெங்காயத்திற்கு இரவுக்கும் பகலுக்கும் உள்ள வேறுபாடு.

ஈரத்திற்குப் பங்கே இல்லையா? உண்டு. ஈரக்காற்று வெங்காயத்தின் அடித்தட்டிலிருந்து வேர்களைக் கிளப்பிவிடுகிறது, அழுகலையும் வரவழைக்கிறது. மாமாவின் பட்டறையில் இரண்டும் கூட்டுச் சேர்ந்துகொண்டன. ஐப்பசி மழை காற்றைக் குளிர்வித்து முளையை எழுப்பியது. தார்ப்பாய், வெங்காயம் விட்ட மூச்சின் ஈரத்தை வெளியே விடாமல் அடைத்து வேரையும் அழுகலையும் வளர்த்தது. நனையாமல் காக்கப் போட்ட போர்வை உள்ளிருந்தே நனைத்துவிட்டது.

வெப்பம் உறக்கத்தைக் காக்கும் இந்த விந்தைப் பழக்கம் வெங்காயத்திற்கு எங்கிருந்து வந்தது? அதன் பிறந்தகம் நம் நாடு அன்று. ஈரானுக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் வடக்கே விரியும் மத்திய ஆசியப் பகுதியில் அதன் காட்டு உறவினர்கள் இன்றும் வளர்கின்றன. அங்கே கோடையில் மழை கிடையாது. மண் பாளம் பாளமாக வெடிக்கும். அப்போது முளைப்பது தற்கொலை. கோடை தணிந்து காற்று குளிர்ந்தால், அடுத்து ஈரம் வரும் என்று பொருள். ஆகவே சூட்டைக் கண்டால் உறங்கு, குளிர்ச்சியைக் கண்டால் எழு என்ற பாடத்தை எண்ணற்ற தலைமுறைகளாகக் கற்ற செடி அது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதனோடு ஊர் ஊராகச் சுற்றியும் அந்தப் பாடத்தை மறக்கவில்லை. நம் அடுப்படியில் கிடந்துகொண்டு, மத்திய ஆசியாவின் பஞ்சாங்கத்தைப் பார்க்கிறது!

நம் மண்ணுக்கே உரிய செடி வேறு பஞ்சாங்கம் பார்க்கும். வேலியோரங்களில் படரும் செங்காந்தளைப் பாருங்கள். நம் மாநில மலராகிய இதற்கும் மண்ணுக்கடியில் ஒரு கிழங்கு உண்டு. கவட்டை போல இரு கிளையாகப் பிரிந்திருக்கும். கோடையில் கொடி காய்ந்து மறைந்துபோக, கிழங்கு மட்டும் உறங்குகிறது. மண்ணில் ஈரம் இறங்கினால் கவட்டையின் நுனியிலுள்ள முளை எழுகிறது. நம் ஊரில் சூடும் குளிரும் அவ்வளவாக மாறுவதில்லை, மாறுவது மழைதான். ஆகவே இங்கே பிறந்த கிழங்கு வெப்பமானியைவிட மழைமானியை நம்புகிறது. (செங்காந்தள் கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு. பார்க்கலாம், தோண்டி எடுத்து விளையாடக் கூடாது.) தொட்டிகளில் வளர்க்கும் மழை லில்லியும் இவ்வாறே. ஒரு கனமழை பெய்து மூன்று நான்கு நாட்களில் அதன் குமிழிலிருந்து பூக்காம்பு கிளம்பிவிடும். இது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த விருந்தாளி என்றாலும் நம் மழையோடு நன்றாகவே பழகிவிட்டது.

இனி, குளிர்நாட்டுத் தோட்டங்களுக்குச் சற்றுப் போய்வருவோம். துலிப், டாஃபடில் என்ற மலர்களைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். இவையும் வெங்காயம் போன்ற குமிழிலிருந்து முளைப்பவையே. டாஃபடில், தாவரவியல் வகைப்பாட்டின்படி வெங்காயத்தின் குடும்பத்தையே சேர்ந்தது. ஆனால் உண்டால் நஞ்சு. அந்நாட்டினர் இலையுதிர் காலத்தில் இக்குமிழ்களை மண்ணில் புதைத்துவிடுவார்கள். பனிக்காலம் முழுவதும் அவை மண்ணுக்குள் கிடந்து, வசந்தம் பிறந்ததும் முளைத்துப் பூக்கும்.

இங்கே ஒரு சிக்கலைக் கவனியுங்கள். வெங்காயத்தைப் போலக் குளிர்ந்ததும் எழுந்தால் இக்குமிழ்கள் கொட்டும் பனியில் அல்லவா தலைநீட்டும்? சூடு வந்ததும் எழலாம் என்றால், இலையுதிர் காலத்தின் நடுவே வரும் நாலு வெயில் நாட்கள் ஏமாற்றிவிடும். எனவே அவை இரண்டு பூட்டுப் போட்டுக்கொள்கின்றன. முதல் பூட்டைத் திறக்க நீண்ட குளிர் வேண்டும். துலிப்புக்கு ஏறத்தாழ 12 முதல் 16 வாரம், 9 டிகிரிக்குக் கீழே. அதற்குப் பிறகே இரண்டாம் பூட்டு. அதைத் திறப்பது வெதுவெதுப்பு. குளிர் போதாத துலிப்பிலும் இலை வரலாம். பூக்காம்பு மட்டும் நீளாமல் குட்டையாகவே நின்று வாடும். சபர்வான் மலையடிவாரத்தில் 2007இல் திறக்கப்பட்ட ஸ்ரீநகர் துலிப் தோட்டம் மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் பூத்துக் குலுங்குவதற்கும், நம் திருக்கோகர்ணத்தில் ஒரு துலிப் தோட்டம் போட முடியாததற்கும் இதுதான் காரணம். நம்மிடம் வெயில் இருக்கிறது. முதல் பூட்டின் சாவி இல்லை.

குளிரை ஒரு செடி எப்படி வாரக் கணக்கில் எண்ணுகிறது? இது என் துறை அன்று; ஆனாலும் ஓர் இயற்பியலாளரும் பங்குகொண்ட ஆராய்ச்சி என்பதால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இங்கிலாந்தில் நாரிச் நகரிலுள்ள ஜான் இன்னிஸ் ஆய்வு நிலையத்தில் கரோலின் டீன் என்ற தாவர அறிஞரும் மார்ட்டின் ஹோவர்ட் என்ற இயற்பியலாளரும், கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியை ஆராய்ந்தார்கள். அச்செடியில் பூப்பதைத் தடுக்கும் ஒரு ஜீன் உண்டு. குளிர்காலம் நீள நீள அதன் தடுப்பு குறைகிறது. எல்லாச் செல்களிலும் விளக்குத் திரியைத் தணிப்பது போல ஒரே அளவில் குறைகிறதா? இல்லை. ஒவ்வொரு செல்லிலும் அந்த ஜீன் மின்விளக்கின் சுவிட்சைப் போல, ஒன்று முழுவதும் திறந்திருக்கிறது, அல்லது முழுவதும் அணைந்திருக்கிறது. குளிர் ஒவ்வொரு வாரமும் மேலும் சில செல்களின் சுவிட்சை அணைக்கிறது. அணைந்தது, சூடு வந்த பிறகும் அணைந்தே இருக்கிறது. எத்தனை சுவிட்சுகள் அணைந்தன என்பதே எத்தனை வாரம் குளிர்ந்தது என்பதற்குக் கணக்கு. 2011இல் இது வெளியிடப்பட்டது. துலிப்பின் உள்விவரம் இதே வடிவில் இருக்க வேண்டியதில்லை. எனினும் மூளையோ நரம்போ இல்லாத ஒன்று எப்படி நாளை எண்ண முடியும் என்று கேட்பவருக்கு இது ஒரு விடை.

இரண்டாம் பூட்டின் கணக்கு இதைவிடப் பழையது. 1735இலேயே பிரெஞ்சு அறிஞர் ரெயூமர், அன்றாட வெப்பநிலைகளைக் கூட்டிக்கொண்டே வந்து, அந்தக் கூட்டுத்தொகை ஓர் அளவை எட்டும்போது பயிர் முதிர்கிறது என்று காட்டினார். நீரின் உறைநிலையை 0 என்றும் கொதிநிலையை 80 என்றும் குறிக்கும் வெப்பமானிக்குப் பெயர் தந்தவரும் இவரே. 'நூறு நாளில் பூக்கும்' என்பதைவிட 'இத்தனை டிகிரி-நாட்களில் பூக்கும்' என்பதே சரி. நாள் ஒவ்வொன்றும் கூடுதல் சூடாக இருந்தால் கூட்டுத்தொகை சீக்கிரம் நிறையும், பூவும் முந்தும். சப்பானில் கியோட்டோ நகரின் செர்ரி மரங்கள் பூத்த நாட்களைப் பழைய நாட்குறிப்புகளிலிருந்து தொகுத்திருக்கிறார்கள், கி.பி. 812 முதல் கிடைக்கும் பதிவு அது. 2021இல் அங்கே செர்ரி முழுமையாக மலர்ந்தது மார்ச் 26ஆம் நாள். அதுவரையிலான ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பதிவில் அவ்வளவு முன்னதாக அது மலர்ந்ததில்லை.

முந்துவது அளவு மீறினால் என்ன ஆகும்? 2015 டிசம்பரில் பிரிட்டனில் மாதச் சராசரி வெப்பநிலை 7.9 டிகிரி. வழக்கமாக அது 4 டிகிரியை ஒட்டியே இருக்கும். மார்ச்சில் பூக்க வேண்டிய டாஃபடில் கிறிஸ்துமசுக்கு முன்பே பல இடங்களில் பூத்துவிட்டது. பின்னால் உறைபனி வருமே, செடி செத்துவிடாதா என்று தோட்டக்காரர்கள் கவலைப்படுவது இயல்பு. ஆனால் இலைகள் எளிதில் சாவதில்லை. செல்சாற்றில் கரைந்துள்ள சர்க்கரை அதன் உறைநிலையைத் தாழ்த்துகிறது. பனிக்கட்டி உண்டானாலும் பெரும்பாலும் செல்களுக்கு இடையில்தான் உண்டாகிறது. நுனி சற்றுக் கருகும். விரிந்த பூ மட்டும் தப்பாது. குமிழ் மண்ணுக்குள் பத்திரமாக இருந்து அடுத்த ஆண்டு முளைக்கும். ஆக, அவ்வாண்டின் பூ நட்டம், செடி நட்டமில்லை. பழமரங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஆப்பிள் மரத்தில் பூ போனால் காயும் போயிற்று. குளிர் குறைந்துபோனதால் இமாசலப் பிரதேசத்தில் ஆப்பிள் தோட்டங்கள் மேலும் உயரமான இடங்களை நோக்கி நகர்ந்திருப்பதை நீங்கள் செய்திகளில் படித்திருக்கலாம்.

நாலு வெயில் நாட்கள் ஏமாற்றிவிடும் என்று முன்பு சொன்னேன் அல்லவா? மண்ணுக்குள் புதைந்த குமிழுக்கு அதிலிருந்தும் ஓரளவு பாதுகாப்பு உண்டு. இங்கே இயற்பியல் உள்ளே நுழைகிறது. மார்கழி விடியலில் கிணற்றில் நீர் இறைத்துக் குளித்தவர்களுக்குத் தெரியும், நீர் வெதுவெதுப்பாக இருக்கும். சித்திரை நண்பகலில் அதே நீர் சில்லென்று இருக்கும். உண்மையில் நீர் அதிகம் மாறவில்லை. மாறியது நம்மைச் சுற்றியுள்ள காற்று. மேலே நடக்கும் சூட்டுக் குளிர் ஏற்றத்தாழ்வு கீழே இறங்க இறங்கத் தேய்ந்துவிடுகிறது.

எவ்வளவு தேய்கிறது? ஈரமான மண்ணில், பகல்-இரவு ஏற்றத்தாழ்வு ஒவ்வொரு 12 சென்டிமீட்டர் ஆழத்திற்கும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆகிவிடுகிறது. மேற்பரப்பில் 12 டிகிரி ஏறி இறங்கினால், ஒரு சாண் கூட இல்லாத 12 செ.மீ. ஆழத்தில் நாலரை டிகிரிதான், 24 செ.மீ.இல் ஒன்றரை, 36 செ.மீ.இல் அரை டிகிரியைச் சற்றுத் தாண்டும். அளவு தேய்வதோடு நேரமும் பிந்துகிறது. ஒவ்வொரு 12 செ.மீ.க்கும் ஏறத்தாழ 4 மணி நேரம். மேலே பிற்பகல் 2 மணிக்கு வரும் உச்சம், ஒரு முழ ஆழத்தில் நள்ளிரவுக்குப் பிறகே வந்து சேரும்!

மெதுவான ஏற்றத்தாழ்வு இதைவிட ஆழமாகப் போகும். எவ்வளவு ஆழம் என்பது கால அளவின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஓராண்டு என்பது 365 நாள். 365இன் வர்க்கமூலம் 19. ஆகவே கோடை-குளிர் அலை, 12 செ.மீ.க்குப் பதில் அதன் 19 மடங்கு, அதாவது இரண்டே கால் மீட்டர் இறங்கிய பிறகே மூன்றில் ஒரு பங்காகும். ஏழு மீட்டர் ஆழத்தில் ஆறு மாதம் பிந்திவிடும். மேலே சித்திரை என்றால் அங்கே ஐப்பசி. ஆனால் அங்கே மிஞ்சியிருக்கும் ஏற்றத்தாழ்வு, மேலே உள்ளதில் நூற்றுக்கு நாலு பங்குதான்.

இப்போது துலிப் குமிழை வழக்கப்படி 15 செ.மீ. ஆழத்தில் புதைத்துப் பாருங்கள். ஒரு நாள் வெயிலின் ஏற்றத்தாழ்வில் கால் பங்கை ஒட்டித்தான் அதை எட்டும். ஒரு வாரம் ஏறி இறங்கும் அலையானால் அறுபது விழுக்காடு எட்டிவிடும். வானொலிப் பெட்டியில் கீச்சுக் குரலைக் குறைக்கும் குமிழைத் திருப்பினால், வேகமான அதிர்வுகள் அடங்கி மெதுவானவை மட்டும் கேட்கும் அல்லவா? மண்ணும் அதைத்தான் செய்கிறது. நாட்களின் இரைச்சலை அடக்கி, வாரங்களின் போக்கை மட்டும் குமிழுக்குக் கேட்கச் செய்கிறது. அதனால்தான் நாலு நாள் வெயில் அதை எளிதில் ஏமாற்றுவதில்லை. தொடர்ந்து மூன்று வாரம் இளஞ்சூடாக இருந்தால் ஏமாந்துபோகிறது. அடுப்படிக் கூடையில் கிடக்கும் வெங்காயத்திற்கும் பட்டறை வெங்காயத்திற்கும் இந்த மண் போர்வையும் கிடையாது.

மாமாவின் விதைக்கு வருவோம். வெங்காயத்தை உறங்க வைக்க வழி, குன்றின் ஏதாவது ஒரு சரிவில் அதை நிறுத்துவதுதான். ஒன்று, 0 முதல் 2 டிகிரியில் உலர்ந்த குளிர்பதனக் கிடங்கு. இதில் செலவு அதிகம். வெளியே எடுத்ததும் கடகடவென முளைத்துவிடும் என்ற தொல்லையும் உண்டு. மற்றது, 25 முதல் 30 டிகிரியில் காற்றோட்டமான சேமிப்பு. நம் உழவர்களின் பட்டறை இந்த இரண்டாம் வழியே. தரையிலிருந்து உயர்த்தி, பக்கங்களில் காற்றுப் புகவிட்டு, மேலே மட்டும் கூரை போடுவது எவ்வளவு சரியான இயற்பியல் பாருங்கள்! கோடைக்கு அது மிகப் பொருத்தம். அடைமழையில்தான் அது தோற்கிறது. காற்றே 23 டிகிரியாகிவிட்ட பிறகு காற்றோட்டம் என்ன செய்யும்? ஈரத்தையாவது வெளியேற்றும். தார்ப்பாயைக் கூரையாக உயர்த்திக் கட்டி, பக்கங்களைத் திறந்து விட்டிருந்தால், முளை வந்திருந்தாலும் அழுகல் குறைந்திருக்கும் என்று இப்போது மாமாவிடம் சொல்ல முடிகிறது.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. இயற்பியல் ஆசிரியனாகிய எனக்கு மிகவும் பிடித்தது. மகாராட்டிர மாநிலத்தில் நாசிக் அருகே லாசல்காவ் வெங்காயச் சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே பாபா அணு ஆராய்ச்சி மையம் 2002இல் ஒரு கதிரியக்க நிலையத்தை நிறுவியது. கோபால்ட்-60 வெளியிடும் காமாக் கதிர்களை வெங்காயத்தின் மேல் பாய்ச்சினால் அது பிறகு முளைப்பதில்லை. தேவையான அளவு 60 முதல் 90 கிரே. கிரே என்பது ஒரு கிலோவுக்கு ஒரு ஜூல் ஆற்றல். ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி சூடாக்க 4,200 ஜூல் வேண்டும். அப்படியானால் 60 ஜூல் வெங்காயத்தை எவ்வளவு சூடாக்கும்? வகுத்துப் பாருங்கள்: 0.014 டிகிரி! கையில் எடுத்துப் பார்த்தால் எந்த மாற்றமும் தெரியாது. ஆனால் பிரிந்து பெருகும் செல்களின் மரபுப்பொருளை அந்தச் சிறு ஆற்றல் குலைத்துவிடுகிறது, வளர்முனை முடங்குகிறது, பிரியாத செதிலிலைகளுக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. வெங்காயத்தில் கதிரியக்கமும் தங்குவதில்லை. ஆழ்ந்த உறக்கத்தில் இருக்கும்போதே, அறுவடையான சில வாரங்களுக்குள் பாய்ச்சினால்தான் பலன் நன்றாக இருக்கும்.

இதை மாமாவிடம் விவரித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்புறம் அத நட்டா முளைக்குமா?" என்றார். முளைக்காது. சமையலுக்கு உதவுவது விதைக்கு உதவாது. விதை வெங்காயத்தை உரிய நாள்வரை உறங்க வைக்கவும் வேண்டும். உரிய நாளில் எழுப்பவும் வேண்டும்.

அடுத்த ஞாயிறு அந்த மாணவி வந்தாள். இவ்வளவையும் கேட்டுவிட்டு ஒரு குறையைக் கண்டுபிடித்தாள். "சித்திரையில் நாங்கள் வாங்கியது புது வெங்காயம் சார். மார்கழியில் வாங்கியது எப்போது அறுத்ததோ தெரியாது. அது ஆழ்ந்த உறக்கம் முடிந்த பழைய காயாக இருந்திருக்கலாமே? சூட்டினால்தான் வேறுபாடு வந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்?"

சொல்ல முடியாதுதான்! அவள் அடுப்படியில் வயதும் வெப்பநிலையும் சேர்ந்தே மாறியிருக்கின்றன. ஒன்றை மாற்றாமல் வைத்து மற்றதை மட்டும் மாற்றினால்தான் அது சோதனை. ஆகவே நாங்கள் இருவரும் ஒரு திட்டம் போட்டோம், நீங்களும் செய்யலாம். ஒரே கடையில் ஒரே மூட்டையிலிருந்து, ஏறக்குறைய ஒரே பருமனுள்ள 45 சின்ன வெங்காயங்களை வாங்குங்கள். பதினைந்து பதினைந்தாகப் பிரித்து மூன்று துணிப்பைகளில் போடுங்கள். ஒன்றைக் குளிர்பதனப் பெட்டியின் அடித்தட்டிலும், ஒன்றை வீட்டில் குளிர்ச்சியான தரையோர மூலையிலும், ஒன்றைப் பகலெல்லாம் வெப்பம் தங்கும் பரணிலும் வையுங்கள். பை எதுவும் நனையக் கூடாது. மூன்று இடங்களின் வெப்பநிலையையும் பள்ளி ஆய்வகத்து வெப்பமானியால் காலை, பிற்பகல் இரு வேளையும் குறித்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை ஒவ்வொரு பையிலும் எத்தனை முளைத்தன என்று எண்ணுங்கள்; எடையும் போடுங்கள். ஆறாவது வாரம் குளிர்பதனப் பெட்டியிலிருந்த பையை வெளியே எடுத்து, தரையோர மூலையில் மற்றதன் பக்கத்தில் வைத்துவிடுங்கள். அதன் பிறகு எது முந்துகிறது என்பதைத் தவறாமல் பாருங்கள்.

சோதனை முடிந்ததும் வெங்காயத்தை வீசிவிட வேண்டாம். முளைத்த வெங்காயம் சற்றுச் சாரமிழந்திருக்கும். ஆனால் சமையலுக்கு ஆகும், அந்தப் பச்சைத் தாளையும் நறுக்கிப் போடலாம். இதே நினைப்பில் முளைவிட்டுப் பச்சை பாய்ந்த உருளைக்கிழங்கை மட்டும் சமைத்துவிடாதீர்கள். அதில் சோலனின் என்ற நஞ்சு சேர்ந்திருக்கும்.